பொருள்: நர்ஸ் அத்தைக்குப் பத்மஸ்ரீ, தலைக்கு 5,000 ரூபாய் வசூல்

அன்பிற்குரிய ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

செயலாளர் அண்ணாச்சி சென்ற வெள்ளிக்கிழமை அனுப்பிய மடலையும் அதற்கு வந்த இருபத்துமூன்று பதில்களையும் ஒன்று விடாமல் படித்தேன். நர்ஸ் அத்தைக்குப் பத்மஸ்ரீ வாங்கித் தரச் சென்னையில் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றும், கோப்பு தயாரிக்க மூன்று லட்சம் கேட்கிறார் என்றும், முதல் தவணையாகச் சங்கக் கணக்கிலிருந்து 75,000 கொடுத்தாயிற்று என்றும், மீதிக்காக ஆளுக்கு 5,000 அனுப்ப வேண்டும் என்றும் அதில் கண்டிருக்கிறது. நான் அனுப்பப் போவதில்லை. அத்தைக்கு அந்த மரியாதை கிடைத்தால் என்னைவிட மகிழ்கிறவர் இந்தக் குழுவில் இருக்க முடியாது. ஆனால் அந்த விண்ணப்பத்துக்கு ஒரு பைசாகூடச் செலவு கிடையாது.

பத்ம விருதுக்கு யார் பெயரை யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். தன் பெயரைத் தானே அனுப்பிக்கொள்ளவும் தடையில்லை. உள்துறை அமைச்சகம் நடத்தும் விருதுகளுக்கான இணையதளத்தில் பதிவு செய்து, முன்மொழியப்படுபவரின் பணியை 800 சொற்களுக்கு மிகாமல் விவரித்து எழுத வேண்டும், அவ்வளவுதான். கட்டணம் என்று ஒன்று இல்லை. வரும் பெயர்களைப் பிரதமர் ஆண்டுதோறும் அமைக்கும் குழு பரிசீலிக்கிறது; அமைச்சரவைச் செயலர் அதற்குத் தலைவர். இறந்தவர்களுக்கும் வெளிநாட்டவர்க்கும் தருவதை நீக்கிவிட்டுப் பார்த்தால், மூன்று பத்ம விருதுகளும் சேர்ந்து ஓராண்டில் 120-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. ஜனவரி 25 அன்று பட்டியல் வெளியாகும்வரை எவரும் எவருக்கும் உத்தரவாதம் தர வழியில்லை. “டெல்லியில் ஆளிருக்கிறது” என்று அந்த மனிதர் சொன்னதாக அண்ணாச்சி எழுதியிருக்கிறார். டெல்லியில் கோடிக்கணக்கில் ஆளிருக்கிறது.

நம் சீமையிலேயே பாருங்கள். ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தின் ராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர், 1981-இல் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தொடங்கிய இடத்தைப் பார்க்காத தென்காசிக்காரர் இருப்பது அரிது. அவருக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஸ்ரீவைகுண்டம் குமரகுருபரர் கல்லூரியில் நூலகராக இருந்து சம்பளத்தை ஏழைகளுக்கே கொடுத்துவந்த பாலம் கல்யாணசுந்தரம் ஐயாவுக்கு 2023-இல் கிடைத்தது. அதே ஆண்டில் செங்கல்பட்டுப் பக்கத்துப் பாம்பு பிடிக்கும் இருளர் இருவர், வடிவேல் கோபாலும் மாசி சடையனும், குடியரசுத் தலைவரிடம் போய் வாங்கி வந்தார்கள். மூன்று லட்சம் கட்டத்தான் வேண்டுமென்றால் அந்த இருவர் பெயரும் பட்டியலில் எப்படி ஏறியிருக்கும்?

டொரன்டோ சித்தப்பாவின் ஆசையும் எனக்குப் புரிகிறது. மெயின் ரோட்டு வளைவில் “பத்மஸ்ரீ பிறந்த ஊர்” என்று எழுத வேண்டும், கோயில் கொடை அழைப்பிதழில் அத்தையின் பெயருக்கு முன் அதைப் போட வேண்டும், மேற்கே உள்ளவர்கள் அதைப் பார்த்து வயிறெரிய வேண்டும். சித்தப்பா பொறுத்துக்கொள்ள வேண்டும்: அத்தை நம்மூரில் பிறந்தவர் அல்லர், 1974-இல் துணை சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி வந்தவர். தவிரவும் இந்த விருதைப் பட்டமாகப் பெயருக்கு முன்னோ பின்னோ சேர்க்கக் கூடாது. அரசியல் சட்டத்தின் 18-ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்துவிட்டது. அப்படியானால் பத்ம விருதுகள் செல்லுமா என்று வந்த வழக்கில், 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இவை பட்டங்கள் அல்ல, ஆகவே செல்லும், ஆனால் பட்டம்போல் பெயரோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று தீர்ப்பளித்தது. விருதோடு பணமும் வராது, ரயிலில் சலுகையும் வராது. குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட சான்றும் பதக்கமும் வரும். வெள்ளைக்காரர் காலத்துப் பட்டம் வாங்கிய நம் ராவ்பகதூர் தாத்தா வீட்டுத் திண்ணையில் நான்கு தலைமுறையாகத் தொங்கும் பெயர்ப்பலகையின் ஞாபகத்தில் சித்தப்பா எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

துபாய் அத்தான் கேட்டது நியாயமான கேள்வி: 75,000 ரூபாய்க் காசோலையில் இரண்டாவது கையெழுத்து யாருடையது? அதோடு நிறுத்தியிருக்கலாம். 2011 கொடைக் கணக்கில் விடுபட்ட 18,400-ஐ இதற்குள் இழுத்ததால், பதில் சொல்ல வேண்டியவர்களுக்குக் கோபித்துக்கொண்டு நழுவ வசதியாகப் போயிற்று. அத்தான், அந்த ஆண்டு பந்தல்காரருக்குக் கையிலிருந்து கொடுத்தவர் என் தகப்பனார். அதை இன்றுவரை நானும் கேட்கவில்லை.

எனக்கு உறக்கம் போனது பணத்தால் அல்ல. என் அக்காள் மகள் ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போய்விட்டுத் திரும்பும் வழியில் அத்தையைப் பார்க்கப் போயிருக்கிறாள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த பின்சுவர் இன்னும் பூசப்படாமல் கிடக்கிறதாம். அது போகட்டும். சென்னைக்காரர் அனுப்பிய பையன் வந்து, எழுதாத வெள்ளைத் தாள் மூன்றில் அத்தையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆதாரத்துக்கு என்று சொல்லிப் பேறுகால நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். ரசீது கொடுக்கவில்லை. “சங்கத்துப் பிள்ளைகள்தானே அனுப்பியிருக்கிறீர்கள்” என்று கேட்டாராம் அத்தை. இவளுக்குப் பதில் வரவில்லை.

அந்த நோட்டுகளை நம்மில் பலர் பார்த்ததில்லை. காக்கி அட்டை போட்ட நீள நோட்டுகள். அத்தை தன் கைப்படக் கோடு போட்டு, தேதி, நேரம், தாயின் பெயர், எடை, எத்தனையாவது பிள்ளை என்று நீல மையில் எழுதியவை. என் வரியை நான் படித்திருக்கிறேன்: “அதிகாலை 4.10, ஆண், 2 கிலோ 700, கொடி சுற்றி. உடனே அழவில்லை. பிறகு அழுதான்.” 1992 நவம்பர் 13 அன்று ஆறு ஊருக்குள் வந்த இரவுக்கு இரண்டு வரிகள் உண்டு, இரண்டும் பள்ளிக்கூட மாடியில், அரிக்கேன் விளக்கில். அதில் ஒரு வரி இப்போது சிங்கப்பூரிலிருந்து இந்தக் குழுவில் கட்டைவிரல் படம் மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறது.

800 சொற்களை எழுதுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்பளத்துக்குச் செய்த வேலையை அடுக்கினால் போதாது. அதற்கு மேல் பொதுநலத்துக்காகச் செய்தது என்ன என்பதைத்தான் குழு பார்க்கும். ஓய்வுபெற்ற பிறகும் தலைச்சன் பிள்ளைக்காரிகளை முதல் பஸ்ஸில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்ச் சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் தனியாகத் திரும்புவாரே, அதை எழுத வேண்டும். கன்னடியன் கால்வாய்க்கு அந்தப்புறத்துத் தெருவுக்கு நம் வீட்டார் யாரும் போகாத காலத்தில் அத்தை போய் அங்கே தண்ணீர் வாங்கிக் குடித்ததை எழுத வேண்டும். அது நமக்குக் கூச்சமாக இருந்தாலும் எழுத வேண்டும். முதல் வரைவை நான் எழுதுகிறேன். திருத்துவதற்குப் பாளையங்கோட்டைப் பெரியம்மாவை விடத் தகுந்தவர் இல்லை. மேலத்தெருவோடு அவர்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்பதை இந்த ஒரு மாதம் மறந்துவிடுவோம்.

அதற்கும் முன்னால் அத்தையிடம் போய், உங்கள் பெயரை அனுப்பட்டுமா என்று ஒருவர் நேரில் கேட்க வேண்டும். இருபத்துமூன்று மடல்களில் ஒன்றில்கூட அவர் என்ன சொன்னார் என்பது இல்லை. அவருக்கு வயது 76. இறந்தபின் இந்த விருது சாதாரணமாகத் தரப்படுவதில்லை என்பதையும் சண்டை போடுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மும்பை மைத்துனர் அடுத்த வாரம் சென்னையில் இறங்குவதாக எழுதியிருந்தார். மாப்பிள்ளை, அந்த மனிதரின் முகவரியை அண்ணாச்சியிடம் வாங்கிக்கொண்டு நேரே அங்கே போங்கள். 75,000 திரும்பாவிட்டாலும் இப்போதைக்கு வாதாட வேண்டாம். கையெழுத்திட்ட வெள்ளைத் தாள்கள் மூன்று, நோட்டுகள் ஏழு. ஏழாவது நோட்டுக்கு அட்டை கிடையாது, சணல் கயிற்றால் கட்டியிருக்கும். எண்ணி வாங்குங்கள்.

இப்படிக்கு,
கீழத்தெரு வாத்தியார் வீட்டுக் கடைசி மகன்,
பஹ்ரைன்