மறுமொழி: சீரொளி மயிர்நீக்கம் – சொல் பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

லேசர் ஒளியால் உடல்முடியைக் குறைக்கும் சிகிச்சைக்கு இந்தக் குழுவில் இதுவரை மூன்று தமிழ்ச் சொற்கள் முன்மொழியப்பட்டிருக்கின்றன: சீரொளி மயிர்நீக்கம், சீரொளி மழிப்பு, ஒளியெரிப்பு. (சீரொளி என்பது லேசருக்கான தமிழ்ச் சொல்.) மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. 'சீரொளி முடிக்குறைப்பு' என்பதே என் முன்மொழிவு. காரணம் சொல்ல, லேசர் கருவி தோலுக்குள் என்ன செய்கிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முடிக்குக் கருமை தரும் மெலனின் என்ற நிறமிதான் இங்கே இலக்கு. சீரொளி தோலைக் கடந்து போகும்போது முடித்தண்டிலும் அதன் வேர்க்குமிழிலும் உள்ள மெலனின் அதை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூடு சுற்றிலும் பரவி, மயிர்க்காலைப் புதுப்பிக்கும் குருத்தணுக்களைத் தாக்குகிறது. அந்த அணுக்களில் நிறமி அதிகம் இல்லை. ஆகவே ஒளி அவற்றை நேராகத் தாக்குவதில்லை, பக்கத்திலிருந்து வரும் வெப்பமே தாக்குகிறது. ஒளித்துடிப்பு சில மில்லிநொடி முதல் சில பத்து மில்லிநொடி வரை நீடிக்கும். மெல்லிய மேல்தோல் சீக்கிரம் ஆறிவிடும், தடித்த மயிர்க்கால் மெதுவாக ஆறும். இந்த வேறுபாட்டை நம்பித்தான் தோலைக் காத்து வேரை மட்டும் சிதைக்கிறார்கள். அமெரிக்கத் தோல் மருத்துவர்களான ஆண்டர்சனும் பாரிஷும் 1983இல் வகுத்த கொள்கை இது. இதற்கு 'தேர்வொளிச் சிதைவு' என்று ஒருவர் எழுதியிருந்தார். தேர்வு ஒளியில் மட்டும் இல்லை. அலைநீளம், துடிப்பின் நேரம், இலக்கின் நிறமி மூன்றும் சேர்ந்துதான் அதைச் செய்கின்றன. 'இலக்குசார் ஒளிவெப்பச் சிதைப்பு' என்றால் நீளம்தான், ஆனால் நடப்பதைச் சொல்கிறது.

இப்போது முன்மொழிவுகளுக்கு வருகிறேன்.

> மழித்தல் நல்ல பழந்தமிழ்ச் சொல். ஏன் விட வேண்டும்?

நல்ல சொல்தான், ஐயா. ஆனால் இங்கே வைத்தால் ஆபத்து. சிகிச்சைக்கு வருபவரிடம் முதல் நாளோ அன்று காலையோ அந்த இடத்தை மழித்துவிட்டு வரச் சொல்கிறோம். தோலுக்கு மேலே முடி நீண்டு நின்றால் சூடு மேல்தோலிலேயே தங்கிப் புண்ணாக்கும். அதே நேரம், சில வாரங்களுக்கு மெழுகு போட்டோ நூல் கட்டியோ பிடுங்கக் கூடாது என்றும் சொல்கிறோம். பிடுங்கிவிட்டால் மயிர்க்காலுக்குள் ஒளியை வாங்க நிறமியே இருக்காது. மழிக்கலாம், பிடுங்கக் கூடாது: நோயாளிக்குத் தரும் கையேட்டில் இந்த இரண்டும் தெளிவாக நிற்க வேண்டிய இடத்தில், சிகிச்சைக்கும் மழிப்பு என்று பெயர் வைத்தால் படிப்பவர் குழம்பிப்போவார்.

ஒளியெரிப்பு வேண்டவே வேண்டாம். அறையில் முடி கருகும் வாடை வருவது உண்மை. ஆனால் அது தோலுக்கு மேலே எஞ்சிய கட்டை முடி கருகுவது. தோல் எரிந்தால் அது சிகிச்சையின் தவறு. நம்மைப் போன்ற கருந்தோலில் அந்தத் தவறு எளிதில் நேரும், ஏனென்றால் மேல்தோலிலும் மெலனின் நிறைய இருக்கிறது, அதுவும் ஒளியை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் நிறம் கூடியவர்களுக்கு 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்சாண்டிரைட் என்ற லேசர் வகையை விட, மெலனின் குறைவாக உறிஞ்சுகிற, ஆழமாக இறங்குகிற 1064 நானோமீட்டர் என்டி-யாக் என்ற லேசர் கருவி பாதுகாப்பானது.

மிஞ்சுவது நீக்கம். எனக்கு உண்மையான வருத்தம் இந்தச் சொல்லின் மேல்தான். முடி வளர்நிலை, தளர்நிலை, ஓய்நிலை என்று சுற்றிச் சுற்றி வளர்கிறது. வளர்நிலையில் இருக்கும் முடிதான் வேர்க்குமிழோடு இணைந்து நிறமி நிறைந்திருக்கும். சீரொளி அதைத்தான் நன்றாகத் தாக்கும். ஓய்நிலையில் இருப்பவை தப்பிவிடும். அதனால்தான் நான்கு முதல் எட்டு வாரம் இடைவெளி விட்டுப் பல அமர்வுகள். அதன் பிறகும் சில மயிர்க்கால்கள் சிதைந்தாலும் சாகாமல், மெல்லிய முடியை விடும். நரைத்த முடியில் நிறமி இல்லை, எத்தனை முறை செய்தாலும் பலன் இல்லை. பூனைமுடிக்கும் ஏறக்குறைய அப்படித்தான்.

அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் இந்தக் கருவிகளுக்கு 'நிரந்தரக் குறைப்பு' என்று சொல்லிக்கொள்ளவே இடம் தருகிறது. 'நிரந்தர நீக்கம்' என்று விளம்பரம் செய்யக் கூடாது. நீக்கம் என்ற சொல்லுக்கு உரியது வேறொரு முறை: ஒவ்வொரு மயிர்க்காலுக்குள்ளும் நுண்ணூசியைச் செலுத்தி மின்சாரம் பாய்ச்சுவது. கண்ணைக் குத்தும் இமைமுடிக்காக சார்லஸ் மிஷெல் என்ற கண் மருத்துவர் 1875இல் எழுதிய முறை அது. அதை 'மின்னூசி முடிநீக்கம்' என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் இந்த வேறுபாடு தமிழில் காணாமல் போகும்.

தாடையில் முடி வளர்கிறது என்று வரும் இளம்பெண்களில் பலருக்குச் சினைப்பை நீர்க்கட்டி இருக்கும். ஹார்மோன் கோளாறு தொடர்கிற வரை பூனைமுடி தடித்துக் கருமுடியாக மாறிக்கொண்டே இருக்கும். 'நீக்கம்' என்று எழுதிய துண்டறிக்கையை நம்பிக் கடன் வாங்கிப் பணம் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்துக் கண்ணாடியில் முடியைக் கண்டதும், தன் உடம்பில்தான் ஏதோ குறை என்று அழுகிறார்கள். 'குறைப்பு' என்று முதலிலேயே சொல்லியிருந்தால் கேள்வியும் சரியாக வந்திருக்கும்: எவ்வளவு குறையும், எத்தனை நாளைக்கு, இடையில் மறுபடி செய்ய வேண்டுமா?

மயிரா முடியா என்ற வாதத்தை நீட்ட விரும்பவில்லை. யாழ்ப்பாணத்து அன்பர் சொன்னதுபோல் அங்கே தலைமயிர் என்பது இயல்பான பேச்சு. தமிழ்நாட்டில் அது வசையாகிவிட்டது, நோயாளியிடம் கொடுக்கும் தாளில் அச்சிட முடியாது. மயிர்க்கால் மட்டும் இரு பக்கமும் உறுத்தாமல் புழங்குகிறது, அதை அப்படியே வைத்துக்கொள்வோம். நோயாளிக்கான கையேட்டில் சீரொளியை விட லேசர் என்பதே புரியும் என்பதால், அங்கே 'லேசர் முடிக்குறைப்பு' என்று எழுதுவதிலும் எனக்கு மறுப்பில்லை. குறைப்பை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. சிலருக்கு, குறிப்பாக முகத்திலும் கழுத்திலும், சிகிச்சை செய்த இடத்தை ஒட்டியே முன்பை விட அதிகமாக முடி முளைக்கும். 'முரண் முடிப்பெருக்கம்' என்று குறித்து வைத்திருக்கிறேன். முரண் என்பது பொதுமக்களுக்குப் புரியுமா என்ற ஐயம் இருக்கிறது. 'எதிர்வளர்ச்சி' பொருந்துமா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.