காரில் கடகட ஒலியும் நெடுஞ்சாலை இரைச்சலும்: டேம்பிங் ஷீட் ஒட்டினால் தீருமா?

கேள்வி (சேலத்துக்காரர்):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2017இல் வாங்கிய டீசல் ஹேட்ச்பேக் கார் உள்ளது. இதுவரை 84,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காது கேட்கும் கருவி அணியும் என் தாயாரை மாதம் ஒருமுறை சேலத்திலிருந்து கோயம்புத்தூருக்கு மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன். சங்ககிரி தாண்டி வேகம் 80ஐத் தொட்டதும் 'ஊ' என்று ஓர் இரைச்சல் எழுந்து, வேகத்தோடு கூடிக்கொண்டே போகிறது. கருவி அந்த இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கித் தருவதால், பெருந்துறை வருவதற்குள் அம்மா தலைவலி தாங்காமல் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறார். அதன் பிறகு ஊர் சேரும்வரை எங்களுக்குள் பேச்சு இல்லை.

இதைத் தவிர வேறு இரண்டு ஒலிகளும் உண்டு. பள்ளமும் மேடுமான தெருவில் 20, 30 கி.மீ. வேகத்தில் செல்லும்போது இடப்பக்க முன் சக்கரத்தருகே 'கட கட' என்கிறது. எஞ்சின் 1,800 ஆர்.பி.எம். சுற்றும் நேரத்தில் மட்டும் தகரம் அதிர்வதுபோல 'கிர்ர்' என்கிறது. உதிரி அலங்காரப் பொருள்கள் விற்கும் கடையில் விசாரித்தேன். நான்கு கதவுகள், தரை, டிக்கி எல்லாவற்றுக்கும் டேம்பிங் ஷீட் (தகட்டின் அதிர்வை அடக்க ஒட்டும் தாள்) ஒட்ட 28,000 ரூபாய் ஆகும் என்றும் மூன்று ஒலிகளும் நின்றுவிடும் என்றும் சொல்கிறார்கள். செலவு செய்யலாமா?

பதில் (ஒர்க்‌ஷாப் அனுபவஸ்தர்):

தம்பி, இப்போது அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களில் பிறக்கும் ஒலிகள். தேய்ந்துபோன ஒரு பாகம் தட்டிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் ஷீட்டை ஒட்டி மூடினால், பழுது உள்ளேயே வளரும். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் ஜாக்கி, ஸ்பேனர், கதவுப் பையில் கிடக்கும் சில்லறை உட்பட வண்டியிலுள்ள எல்லாவற்றையும் இறக்கிவிட்டு அதே தெருவில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

'கட கட' ஒலி வரும்போது பிரேக் பெடலை மெதுவாகத் தொட்டபடியே ஓட்டுங்கள். ஒலி நின்றால் பிரேக் பேடோ காலிப்பர் பின்னோ தளர்ந்திருக்கிறது. நிற்காவிட்டால் இன்னொன்றைக் கவனியுங்கள்: இரு முன் சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஏறும் அகலமான வேகத்தடையில் ஒலி குறைவாகவும், ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது அதிகமாகவும் கேட்கிறதா? அப்படியானால் என் சந்தேகம் லிங்க் ராட் மேல்தான். இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பியின் முனையைச் சக்கரப் பக்கத்தோடு பிணைக்கும் சிறு தண்டு அது. இரு சக்கரங்களும் சேர்ந்து ஏறி இறங்கினால் ஸ்டெபிலைசர் பார் மொத்தமாகச் சுழன்றுவிடும், முறுக்கு விழாது. ஒரு பக்கம் மட்டும் அசையும்போதுதான் அது முறுக்கேறி, தேய்ந்த லிங்க் ராடின் குமிழ் தட்டும்.

'கிர்ர்' ஒலிக்கு வண்டி ஓடவே தேவையில்லை. நியூட்ரலில் நிறுத்தி 1,800 வரை ஆக்சிலரேட்டரை உயர்த்துங்கள். அப்போதும் கேட்டால் சாலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. சைலன்சர் குழாய்க்கு மேலுள்ள வெப்பத் தடுப்புத் தகடு, எஞ்சின் மவுன்ட், டேஷ்போர்டு என்ற வரிசையில் தேடுங்கள்.

நெடுஞ்சாலை இரைச்சல் டயராகவும் இருக்கலாம், வீல் பேரிங்காகவும் இருக்கலாம். புதிதாகத் தார் போட்ட இடத்திலும் பழைய இடத்திலும் ஒலி மாறினால் டயர். சாலை எப்படியிருந்தாலும் ஒலி மாறாமல், நீண்ட இடது வளைவில் மட்டும் கூடினால், எடை வலப்பக்கம் சாய்வதால், வலப்பக்க பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். வண்டி நிற்கும்போது டயரின் மேல் உள்ளங்கையை வைத்து ஒருமுறை முன்னோக்கியும் ஒருமுறை பின்னோக்கியும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் கையைக் கீறுவதாகவும் இருந்தால் டயர் சீரற்றுத் தேய்ந்திருக்கிறது.

ஓர் எச்சரிக்கை: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். அடிப்பக்கம் பார்ப்பதற்கு லிப்ட் உள்ள இடத்துக்குச் செல்லுங்கள்.

பதில் (ஈரோட்டு ஓட்டுநர்):

காற்றழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். பல பெட்ரோல் பங்குகளில் கேட்காமலேயே 38, 40 வரை ஏற்றிவிடுகிறார்கள். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவுதான் சரியான அளவு. அதையும் காலையில் டயர் சூடாகும் முன் பார்க்க வேண்டும். அழுத்தம் கூடினால் ஒவ்வொரு சிறு மேடும் நேராக உள்ளே ஏறும்.

சேலத்துக்காரர்:

ஐயா, நீங்கள் சொன்னபடியே ஞாயிறு காலை செய்து பார்த்தேன். பிரேக்கைத் தொட்டாலும் 'கட கட' நிற்கவில்லை. வேகத்தடையில் குறைவாகவும், ஒற்றைப் பள்ளத்தில் அதிகமாகவும் கேட்டது. 'கிர்ர்' ஒலி நியூட்ரலிலும் வந்தது. லிப்டில் ஏற்றியபோது சைலன்சர் மேலுள்ள தகட்டின் போல்ட் துளை துருப்பிடித்துக் கிழிந்து, தகடு ஒரு முனையில் தொங்கியதைக் கண்ணால் பார்த்தேன்; விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தட்டியபோது ஒலி இல்லை.

டயரைத் தடவியதில்தான் எனக்கு வியப்பு. பின்னிரண்டு டயர்களும் முன்னோக்கித் தடவும்போது வழவழப்பாகவும், பின்னோக்கித் தடவும்போது ரம்பப் பல் போலவும் கையைக் கீறின. ஓரத்தில் 1417 என்ற எண் இருக்கிறது. காற்று 39 இருந்தது. ஒட்டியுள்ள அளவோ 33.

பதில் (ஒர்க்‌ஷாப் அனுபவஸ்தர்):

1417 என்றால் 2017ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்த டயர், வண்டியோடு வந்தவை. முன்பின் மாற்றிப் போடாமலே ஓட்டியிருக்கிறீர்கள். ரம்பப் பல்லாகத் தேய்ந்த டயரின் ஒவ்வொரு ரப்பர் கட்டையும் சாலையில் அறைந்தபடி உருள்வதால்தான் அந்த 'ஊ'. இவ்வளவு தேய்ந்த பிறகு மாற்றிப் போட்டாலும் இரைச்சல் முன்பக்கம் வருமே தவிர போகாது. பின் டயர்கள் புதிதாக வேண்டும். வீல் அலைன்மென்டும் பாருங்கள். இனி 10,000 கி.மீ.க்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். லிங்க் ராடை இரு பக்கமும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். தகட்டுக்குப் புதுத் தகடு தேவையில்லை. துருப்பிடிக்காத எஃகு ஹோஸ் கிளாம்ப் ஒன்றைக் குழாயோடு சேர்த்து இறுக்கினால் போதும்.

பதில் (மதுரை, சொந்தமாக ஷீட் ஒட்டியவர்):

அண்ணன் சொன்ன வேலைகளை முடித்த பிறகும் இரைச்சல் மிஞ்சினால், அப்போது ஷீட் பயன்படும். ஆனால் அது என்ன செய்யும் என்பதை அறிந்து வாங்குங்கள். டேம்பிங் ஷீட் என்பது அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் (பிசுபிசுப்பான ஒருவகை ரப்பர்) ஷீட். அது ஒலியைத் தடுப்பதில்லை. மெல்லிய தகடு மணிபோல அதிர்வதை அடக்குகிறது. கதவின் வெளித்தகட்டை விரலால் தட்டினால் 'டங்' என்று கேட்பது, ஒட்டிய பிறகு 'டப்' என்று அடங்கும். இதற்குத் தகட்டின் நடுப்பகுதியில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு பரப்பு போதும். முழுவதும் மூடுவதால் எடை கூடுமே தவிர அந்த அளவுக்குப் பலன் கூடாது.

உங்களுடையது ஹேட்ச்பேக் என்பதால் டிக்கிக்கும் இருக்கைக்கும் நடுவே சுவர் கிடையாது. ஆகவே கதவுகளை விட்டுவிட்டு, டிக்கியின் பிளாஸ்டிக்கைக் கழற்றிப் பின் சக்கர வளைவுகளிலும் ஸ்டெப்னி பள்ளத்திலும் முதலில் ஒட்டுங்கள். தகட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஷீட்டின் மேலுள்ள அச்சுக்கோலம் மறையும்வரை உருளையால் அழுத்த வேண்டும். வீட்டுக் கூரைக்கு ஒட்டும் தார் ஷீட்டை மலிவென்று வாங்காதீர்கள். நம் வெயிலில் உருகி வழிந்து, நாற்றம் உள்ளேயே தங்கும். கதவில் ஒட்டும் நாள் வந்தால் அடியிலுள்ள நீர்வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள்.

கதவு பீடிங்கையும் (கதவோரத்து ரப்பர் பட்டை) சோதியுங்கள். ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் பிடிப்போடு வர வேண்டும். தானாக நழுவி வந்தால் அங்கே காற்று புகுகிறது.

சேலத்துக்காரர்:

லிங்க் ராட், கிளாம்ப், இரு டயர்கள், அலைன்மென்ட் எல்லாம் முடிந்தன. ஷீட்டுக்குக் கேட்ட தொகையில் பாதிகூட ஆகவில்லை. குமாரபாளையத்தருகே ஒரே இடத்தில், ஒரே வேகத்தில், அதே கைப்பேசிச் செயலியால் முன்பு 75 டெசிபெல் காட்டியது, இப்போது 70 காட்டுகிறது. அம்மா அவிநாசிவரை கருவியைக் கழற்றவில்லை. அதன் பிறகு சற்று நேரம் கழற்றி வைத்தார். பின் சக்கர வளைவுகளுக்கு மட்டும் பியூட்டைல் ஷீட் வாங்கியிருக்கிறேன்.

இன்னும் ஒரு சந்தேகம் உண்டு. வேலை செய்தவர்கள் லோயர் ஆர்ம் புஷ்ஷும் (சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் கீழ்க்கரத்தின் ரப்பர் பாகம்) லேசாக வெடித்திருப்பதாகச் சொல்கிறார்கள். உடனே மாற்ற வேண்டுமா?

பதில் (ஒர்க்‌ஷாப் அனுபவஸ்தர்):

மேலோட்டமான வெடிப்பென்றால் அடுத்த சர்வீஸ்வரை பொறுக்கலாம்; கடப்பாரையால் நெம்பும்போது ரப்பர் பிரிந்து விலகினால் உடனே மாற்றுங்கள். மாற்றும் நாளில் நீங்கள் அருகிலேயே இருந்து ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: லிப்டில் சக்கரம் தொங்கும் நிலையில் புஷ்ஷின் போல்ட்டைக் கடைசியாக இறுக்கக் கூடாது. வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழிந்து, இதே 'கட கட' திரும்பி வரும்.