மாட்டை விட்டுக் கோழிக்கு மாறினால் குறைந்தது எது?

(இறைச்சியைக் குறைக்க வைத்த, அல்லது குறைக்கவிடாமல் செய்த சந்திப்புகளைப் பற்றிச் சிலர் எழுதியவை)

மதிய மேசை

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் மாட்டிறைச்சியை விட்டுவிட்டார். விட்ட நாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் அதே பேச்சுதான். "இப்போ கோழி மட்டும்தான்" என்பார். டாக்டர் சொன்னாராம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. சிவப்பு இறைச்சியை அதற்கு ஒரு படி கீழே, அநேகமாக உண்டாக்கக்கூடும் என்ற வகையில் வைத்தது. ஆகவே டாக்டர் சொன்னதில் தப்பில்லை.

பூமிக்கும் நல்லது செய்கிறேன் என்று கூடவே சேர்த்துக்கொள்வார். அதுவும் உண்மைதான். மாடு அசைபோடும்போது மீத்தேன் வெளியேறுகிறது, கோழிக்கு அந்தச் சிக்கல் இல்லை. 119 நாடுகளின் ஏறத்தாழ 38,700 பண்ணைகளை அலசிய ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. கறிக்காகவே வளர்க்கும் மாட்டிலிருந்து 100 கிராம் புரதம் பெற, சராசரியாக 50 கிலோ அளவுக்குப் பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயு வெளியாகிறது. கோழிக்கு 6 கிலோகூட இல்லை.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் முன்பு கறிக்கோழிப் பண்ணைகளில் கால்நடை மருத்துவராக இருந்தவர். பல நாள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், ஒருநாள் சாதாரணமாகக் கேட்டார்: "சரி சார், அந்த ஒரு மாட்டுக்குப் பதிலா எத்தனை கோழி?"

இவருக்குப் பதில் தெரியவில்லை. அவரே சொன்னார்: "ஒரு மாட்டுல கிடைக்கிற கறிக்கு ஈடா நூறு கோழிக்கு மேல வேணும். அத்தனையும் அஞ்சாறு வாரத்துக் குஞ்சு சார். உடம்பு மட்டும்தான் பெரிசு."

அப்புறம் பண்ணையைப் பற்றிச் சொன்னார். நெஞ்சுக்கறி சீக்கிரம் ஏறும்படி தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம் அது. கால் எலும்பு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. கடைசி வாரத்தில் பல கோழிகள் பெரும்பாலும் உட்கார்ந்தே இருக்கும். தரையில் பரப்பிய தூளில் எச்சம் ஊறி அம்மோனியா கிளம்பும். அதன்மேலேயே உட்கார்ந்திருப்பதால் கால் மூட்டுத் தோல் வெந்துபோகும். "தோலோட கால் வாங்கினீங்கன்னா மூட்டுப் பக்கம் பாருங்க, பழுப்பா திட்டு இருக்கும்" என்றார்.

அடுத்த முறை வாங்கப் போனபோது பார்த்தேன். நக அளவுக்குத் திட்டு, நடுவில் கருத்து, ஓரம் பழுப்பாக. எல்லாக் கால்களிலும் இல்லை, சிலவற்றில் மட்டும். தெரியாதவர்கள் அழுக்கு என்றுதான் நினைப்பார்கள்.

புகைக் கணக்கும் உயிர்க் கணக்கும் இப்படி ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. மாட்டை விட்டுக் கோழிக்குப் போனால் முதலாவது இறங்கும், இரண்டாவது ஏறும். "குறைத்துவிட்டேன்" என்று யாராவது சொன்னால், எதை விட்டு எதற்குப் போனீர்கள் என்று இப்போதெல்லாம் கேட்டுவிடுகிறேன். (கொஞ்சம் எரிச்சலூட்டும் பழக்கம்தான், வீட்டிலேயே சொல்கிறார்கள்.) பருப்பு, பயறு, கொண்டைக்கடலைக்குப் போனால் மட்டும் இரண்டுமே இறங்குகின்றன. அந்த நண்பர் இன்னும் கோழிதான் சாப்பிடுகிறார். அறிவிப்பு மட்டும் நின்றுவிட்டது.

பொரிப்பகத்தில் வேலை பார்த்தவர் சொன்னது

மேலே எழுதியவர் முட்டையையும் பாலையும் பற்றிப் பேசவே இல்லையே. என் அத்தை மகன் முட்டைக்கோழிக் குஞ்சு பொரிக்கும் பொரிப்பகத்தில் வேலை பார்த்தான். முதல் நாளே குஞ்சுகளைப் பிரிப்பார்களாம், பெட்டை ஒரு பக்கம், சேவல் ஒரு பக்கம். சேவல் முட்டை இடாது. முட்டைக்கென்று உருவாக்கிய இனம் என்பதால் கறியும் தேறாது. அன்றைக்கே கொன்றுவிடுவார்கள். ஜெர்மனியில் 2022 முதல் இதற்குத் தடை. முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்கும் கருவிகள் வந்துவிட்டன.

கறியை விட்டுவிட்டுச் சீஸை அள்ளிச் சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு தகவல். மேலே சொன்ன அதே ஆய்வில், ஒரே அளவு புரதத்துக்குச் சீஸின் புகைக் கணக்கு கோழியைவிட அதிகம்.

எதிர்த் தரப்பிலிருந்து

எனக்கு நீங்கள் சொல்கிற எதிலும் மறுப்பில்லை. ஆனால் வேறொரு சந்திப்பைச் சொல்கிறேன். என் அம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பசி குறைவு, நாலு வாய்தான் சாப்பிடுவார். உறவுக்காரப் பையன் ஒருவன், புதிதாகக் கறியை விட்டவன், அவர் தட்டைப் பார்த்து, "உங்களுக்குப் பாவமா இல்லையா பாட்டி?" என்று கேட்டான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தட்டை நகர்த்திவிட்டார். வயதானவர்களுக்குத் தசை கரையும். அந்த நாலு வாயில்தான் புரதம் போயாக வேண்டும். பயறில் அதே புரதம் வேண்டுமென்றால் இன்னும் நிறையச் சாப்பிட வேண்டும், அவரால் முடியாது.

நான் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். அம்மாவுக்குக் குறைக்க மாட்டேன். அந்தப் பையன் கேட்ட கேள்வி நியாயமானதுதான், கேட்ட ஆள்தான் தப்பு. ஆரோக்கியமாக, வசதியாக இருக்கிற எங்களைப் போன்றவர்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

மறுபடியும் மதிய மேசைக்காரர்

அம்மா விஷயத்தில் முழுக்க உங்கள் பக்கம்தான்.

வைட்டமின் பி12 பற்றித் தனியாகக் கேட்டவருக்கு: செடிகொடிகளிலிருந்து அது போதுமான அளவு கிடைக்காது. அசைவம், பால், முட்டை எல்லாவற்றையும் விடுகிறவர்கள் மாத்திரை எடுத்தே ஆக வேண்டும், அல்லது பி12 சேர்த்த உணவு வேண்டும். குறைபாடு முற்றினால் கை கால் மரத்துப்போகும், நரம்பு பாதிக்கும். இரும்புச்சத்துக்கு, பயறு சாப்பிடும்போது கூடவே எலுமிச்சை மாதிரி வைட்டமின் சி உள்ள ஏதாவது இருந்தால் உடம்பு நன்றாக உறிஞ்சிக்கொள்ளும்.

பொரிப்பக விஷயம் நானும் கேள்விப்பட்டதுதான். முட்டையை இன்னும் விடவில்லை, அதற்குச் சமாதானம் எதுவும் கைவசம் இல்லை. இப்போது அந்த மருத்துவரோடு போய்க்கொண்டிருக்கும் வாக்குவாதம் மட்டி என்கிற கடல் சிப்பி பற்றி. அதற்கு மூளை கிடையாது, நரம்பு முடிச்சுகள் மட்டும்தான். வளர்க்கத் தீவனமும் போட வேண்டியதில்லை, கடல்நீரிலிருந்து தானே வடிகட்டித் தின்றுகொள்ளும். தாராளமாகச் சாப்பிடலாம் என்கிறார் அவர். எனக்கு இன்னும் ஒப்பவில்லை. இங்கே யாராவது யோசித்திருந்தால் எழுதுங்கள்.