47 வயசு, வேலையே வெறுத்துப்போச்சு... போதும்னு எழுதிக் குடுத்துடலாமா?

அரைமனசு_47

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தவன், இன்னைக்குதான் முதல் தடவை எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

வயசு 47. 24 வருஷ சர்வீஸ், மூணு கம்பெனி, இப்ப இருக்கறதுல 11 வருஷம். ஒரு காலத்துல நானே உக்காந்து கையால வேலை செஞ்சவன், இப்ப என் வேலை என்னன்னா யாரோ செஞ்ச வேலை எந்த நிலைமைல இருக்குன்னு இன்னொருத்தர்கிட்ட கேட்டு மூணாவது ஆளுக்கு சொல்றது. சம்பளம் நல்லாதான் வருது. யாரும் திட்டறதில்ல. குறைன்னு எடுத்து சொல்ல ஒண்ணும் இல்ல, அதுதான் பிரச்சனையே.

காலைல 5:40க்கு அலாரம். ஆறேழு மாசமா அது அடிக்கறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடுது, ஆனா எழுந்துக்கறதில்ல, எப்ப அடிக்கும் எப்ப அடிக்கும்னு கூரையைப் பார்த்துட்டு படுத்திருக்கேன், தூக்குத் தண்டனை கைதி மாதிரி. போன மாசம் ஒரு மீட்டிங்ல என்னை ஒரு கேள்வி கேட்டாங்க, பதில் நல்லாவே தெரியும், ஆனா மியூட்டை எடுக்க விரல் போகல. ஒரு பத்து செகண்ட் அப்படியே ஸ்கிரீனைப் பார்த்துட்டு இருந்தேன். அப்புறம் நெட் போயிடுச்சுன்னு பொய் சொன்னேன். அன்னைக்கு ராத்திரிதான் எக்ஸெல்ல ஒரு ஷீட் திறந்து கணக்கு போட ஆரம்பிச்சேன்.

கையிருப்பு, எங்க வருஷ செலவைப்போல 22 மடங்கு இருக்கு. குடியிருக்கற வீடு இதுல சேரல, லோன் முடிஞ்சாச்சு. ஒரே பொண்ணு, ஸ்கூல் முடிக்க இன்னும் ரெண்டு வருஷம். மனைவியும் வேலைக்குப் போறாங்க, அவங்க சம்பளத்தை நான் கணக்குல எடுக்கல. மெடிக்கல் இன்சூரன்ஸ் அவங்க ஆபீஸ்ல குடும்பத்துக்கே இருக்கு, அதனால அந்த கவலை இல்ல.

மனைவிகிட்ட சொன்னேன். "சரி"ன்னாங்க. அந்த சரிக்கு என்ன அர்த்தம்னு ரெண்டு நாளா யோசிச்சுட்டு இருக்கேன்.

22 மடங்கு போதுமா? இந்த வயசுல விட்டவங்க யாராவது இருந்தா, விட்டதுக்கு அப்புறம் எப்படி இருக்குன்னு மழுப்பாம சொல்லுங்க.

ஓரமா_ஒரு_சேர்

22 மடங்கு வெச்சுட்டு புலம்பறீங்க சார். எனக்கு 22 நாள் தாங்கினா அந்த மாசம் பண்டிகை. நல்லா இருங்க. (பொறாமைதான், ஒத்துக்கறேன்)

கணக்குப்பிள்ளை

சார், முதல்ல அந்த 22ஐ உரிச்சுப் பார்த்துடுவோம், மனசு விஷயத்தை மத்தவங்க பேசட்டும்.

வருஷ செலவைப்போல 25 மடங்கு சேர்த்தா வேலையை விட்டுடலாம்னு எல்லாரும் சொல்றாங்களே, அது வில்லியம் பெங்கன்ங்கிற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994ல எழுதின ஒரு கட்டுரைல இருந்து கிளம்பினது. முதல் வருஷம் சேமிப்புல 4% (அதாவது 25ல ஒரு பங்கு) எடுத்துக்கோ, அடுத்தடுத்த வருஷம் விலைவாசி ஏறின அளவுக்கு அந்த தொகையை மட்டும் ஏத்திக்கோ, பணம் 30 வருஷம் தாங்கும்னு பழைய சந்தை நிலவரத்தை எல்லாம் ஓட்டிப் பார்த்து சொன்னாரு. 1998ல டிரினிட்டி பல்கலைக்கழக பேராசிரியர்கள் மூணு பேர் இதே மாதிரி ஒரு ஆய்வு பண்ணாங்க, அதுக்கப்புறம்தான் இது ஊரெல்லாம் பரவுச்சு. இதுல ரெண்டு விஷயத்தை யாரும் சொல்லமாட்டாங்க. ஒண்ணு, அது அமெரிக்க பங்குச்சந்தை, கடன் பத்திர சரித்திரத்தை வெச்சு போட்ட கணக்கு. இன்னொன்னு, 30 வருஷம்ங்கிறது 65ல ரிட்டையர் ஆகறவருக்கு சரி, உங்களுக்கு 47, நாப்பது வருஷத்துக்கு மேல ஓட்டணும். அதனால 4%ஐ அப்படியே நம்பாதீங்க, 3லிருந்து 3.5%க்குள்ள வெச்சுக்கறதுதான் பத்திரம், அதாவது 28லிருந்து 33 மடங்கு.

அடுத்து, பொண்ணு காலேஜ் படிப்பு இந்த 22க்குள்ளயா வெளியயா? நீங்க சொல்லல, அப்ப உள்ளதான் இருக்கும்னு நினைக்கறேன். அதுக்கு 3 மடங்கு எடுத்து தனியா வெச்சா மிச்சம் 19. வருஷ செலவு 100ன்னா கையில 1900. எடுக்கப்போறது 5.3%. இது நிறைய சார்.

எனக்கு பயமே ஆரம்ப வருஷங்கள்தான். ராஜினாமா பண்ணின வருஷமே மார்க்கெட் 30% விழுந்துச்சுன்னு வைங்க. 1900ல 100 எடுத்தாச்சு, மிச்சம் 1800, அது விழுந்து 1260. அடுத்த வருஷம் விலைவாசி 6% ஏறி செலவு 106. இப்ப நீங்க எடுக்கறது 8.4%! அப்புறம் மார்க்கெட் எவ்வளவு ஏறினாலும் வித்துத் தின்ன பங்கு திரும்பி வராது. இதே வீழ்ச்சி 15 வருஷம் கழிச்சு வந்தா பெருசா ஒண்ணும் ஆகாது. அதனால ரெண்டு மூணு வருஷ செலவை பங்கு பக்கமே போகாத இடத்துல தனியா வெச்சுட்டுதான் விடணும். விலைவாசியை லேசா எடுத்துக்காதீங்க, 6%ல ஏறினா 12 வருஷத்துல செலவு டபுள், உங்களோட 59ல 200, 71ல 400, 83ல 800.

ஆனா ஒரு நல்ல சேதியும் இருக்கு. முழுசா விடாம வருஷத்துக்கு 40 மட்டும் சம்பாதிக்கற மாதிரி சின்ன வேலை ஏதாவது வெச்சுக்கிட்டீங்கன்னா சேமிப்புல இருந்து எடுக்கறது வெறும் 60. அதே 1900, இப்ப கிட்டத்தட்ட 32 மடங்கு. முழு சம்பளத்துக்கும் பூஜ்யத்துக்கும் நடுவுல இவ்வளவு பெரிய இடம் இருக்கறதை யாரும் பார்க்கறதே இல்ல.

கடிகாரம்_கழட்டினவன்

நான் 51ல விட்டேன், மூணு வருஷம் முடிஞ்சுது. மழுப்பாம கேட்டீங்க, மழுப்பாம சொல்றேன்.

முதல் மாசம் சொர்க்கம். ரெண்டாவது மாசம் ஒரு நாள் சாயங்காலம் போனை எடுத்துப் பார்த்தா சார்ஜ் 96%. ஆபீஸ் காலத்துல மத்தியானமே சிவப்புக்கு வந்துடும், சார்ஜரோடயே அலைவேன். அந்த 96ஐப் பார்த்துட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன் தம்பி. யாருக்கும் நான் தேவைப்படல. அதைத்தானே கேட்டேன், கிடைச்சதும் ஏன் இப்படி குத்துதுன்னு புரியல.

அப்புறம் ஒரு ஃபாரம் நிரப்பறப்ப "தொழில்"னு ஒரு கட்டம். பேனா நின்னுடுச்சு. ஓய்வுன்னு எழுத வெக்கம், ஏதோ நோயாளி மாதிரி. கடைசில பழைய வேலையையே எழுதிட்டு வந்தேன், ஒரு வருஷம் அந்த பொய்யையே எல்லா இடத்துலயும் எழுதினேன்.

கல்யாணம் காட்சின்னு போனா "இப்ப என்ன பண்றீங்க"ன்னு கேப்பாங்க. சும்மா இருக்கேன்னு சொன்னா உடனே குரல் தணிஞ்சு "என்ன ஆச்சு"ன்னு. வேலையை விட்டு தூக்கிட்டாங்கன்னே முடிவு பண்ணிடுவாங்க. ஓய்வு வயசுன்னு ஒண்ணு வானத்துல இருந்து எறங்கினதா என்ன? ஜெர்மனில அப்ப சான்சலரா இருந்த பிஸ்மார்க் 1889ல முதியோர் பென்ஷன் கொண்டுவந்தப்ப வயசு 70, அதை 65 ஆக்கினது 1916ல. யாரோ கவர்மென்ட் செலவுக்கு தகுந்த மாதிரி வெச்ச நம்பர். அதை வெச்சு நம்மள அளக்கறாங்க.

இதுல இருந்து நான் மீண்டு வர ஒன்னரை வருஷம் ஆச்சு. இப்ப காலைல ரெண்டு மணி நேரம் பழைய ரேடியோ, ஃபேன், மிக்ஸி ரிப்பேர் பாக்கறேன், அக்கம்பக்கத்துல குடுப்பாங்க. பாதி சரியாகாது. அதுல ஒரு சந்தோஷம், ஏன்னு கேக்காதீங்க. திரும்பி போவீங்களான்னா போகமாட்டேன். ஆனா எதுல இருந்து ஓடறோம்னு மட்டும் தெரிஞ்சு எதுக்குப் போறோம்னு தெரியாம விட்டேன், அந்த ஒன்னரை வருஷம் அதுக்கு கட்டின அபராதம்.

வீட்டுக்காரம்மா

அண்ணா, உங்க பதிவுல நான் திரும்பத் திரும்ப படிச்சது அந்த "சரி"யைத்தான். எல்லாரும் மடங்கு கணக்கு போடறாங்க, அந்த சரியை ஒருத்தரும் கேக்கல.

எங்க வீட்டுக்காரர் 53ல விட்டார். நானும் சரின்னுதான் சொன்னேன். மூணாவது வாரம் சமையலறைல இருக்கற அத்தனை டப்பாவுக்கும் லேபிள் ஒட்டி வெச்சிருந்தார். 26 வருஷமா எனக்கு கண்ணைக் கட்டி விட்டாலும் எது எங்கன்னு தெரியும், இப்ப அகர வரிசைல தேடணுமாம். பின்னாடி வந்து நின்னுட்டு அடுப்பை ஏன் இவ்வளவு கூட்டி வெச்சிருக்கன்னு கேப்பார். ஆபீஸ்ல இருபது பேரை மேய்ச்ச மனுஷன், இப்ப இருபது பேருக்கு பதிலா நான் ஒருத்தி. ஒரு நாள் கரண்டியைக் கையில குடுத்துட்டு நான் ஹால்ல போய் உக்காந்துட்டேன், அன்னைக்குதான் முதல் தடவை ரெண்டு பேரும் உக்காந்து பேசினோம், யாருக்கு எந்த நேரம், எந்த ரூம்னு. இப்ப மத்தியானம் வரைக்கும் அவர் பாட்டுக்கு அவர், நான் பாட்டுக்கு நான்.

பணம் உங்க ரெண்டு பேரோடது, பகல் பொழுதும் ரெண்டு பேரோடது. எக்ஸெலை மூடி வெச்சுட்டு அண்ணிகிட்ட போய் கேளுங்க.

அரைமனசு_47

எல்லாருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை சார், காலேஜ் செலவு 22க்குள்ளதான். தனியா எடுத்து வெச்சிருக்கேன்னு எனக்கு நானே சொல்லிட்டு இருந்தேன், ஷீட்ல பார்த்தா அப்படி ஒண்ணும் இல்ல. லேபிள் கதையைப் படிச்சதும் வயித்துல புளியைக் கரைச்சுது, ஏன்னா போன ஞாயித்துக்கிழமை நான் செருப்பு ஸ்டாண்டை அடுக்கி வெச்சேன்.

இன்னைக்கு ராத்திரி கேட்டுடறேன்.

போய்_திரும்பினவன்

ப்ரோ, நான் உங்களுக்கு எதிர் கேஸ். 44ல விட்டேன், 46ல திரும்ப வேலைக்கு சேர்ந்தேன். பணம் தீர்ந்து இல்ல.

எனக்கு ஆயுசுக்கும் வேலையே வேண்டாம்னு தோணுச்சு, ஆனா உண்மைல எனக்கு அலுத்துப்போனது அந்த வேலை மட்டும்தான், அதுவும் கடைசி ரெண்டு வருஷம், ஒரு குறிப்பிட்ட மேலாளர். உலக சுகாதார நிறுவனம் 2019ல நோய் வகைப்பாட்டு பட்டியலோட 11வது பதிப்புல பர்ன்அவுட்டுக்கு ஒரு விளக்கம் குடுத்திருக்காங்க, நோய்ன்னு இல்ல, வேலை சம்பந்தப்பட்ட ஒரு நிலைன்னு. மூணு அடையாளம்: சக்தி சுத்தமா வத்திப்போறது, வேலை மேல மனசு விலகி ஒரு கசப்பு வர்றது, முன்ன மாதிரி நம்மால செய்ய முடியலங்கிற நெனப்பு. அந்த மியூட் பட்டன் கதைல மூணுமே இருக்கு. நான் டாக்டர் இல்ல, ஆனா விரல் போகலன்னு நீங்க எழுதினதை ஒரு டாக்டர்கிட்ட சொல்லுங்க, எங்ககிட்ட சொன்னது பத்தாது.

அப்புறம் இந்த மாதிரி வத்திப்போன நேரத்துல திரும்ப மாத்த முடியாத முடிவு எடுக்காதீங்க. சம்பளம் இல்லாத லீவ் மூணு மாசம் கேட்டுப் பாருங்க, குடுத்தா லாபம், குடுக்கலன்னா உங்க மதிப்பு என்னன்னு தெரிஞ்சுடும். லீவ்ல மொதல் மூணு வாரத்தை கணக்குலயே சேர்க்காதீங்க, அது வெறும் தூக்கம். அதுக்கு அப்புறம் கை தானா எதை நோக்கிப் போகுதுன்னு பாருங்க. எனக்கு லேப்டாப் பக்கம்தான் போச்சு, வெக்கமா இருந்துச்சு, ஆனா அப்பதான் புரிஞ்சுது.

இன்னொன்னு, விடறதா இருந்தா கையில பே ஸ்லிப் இருக்கும்போதே எடுக்க வேண்டிய கடன், கிரெடிட் கார்டு எல்லாம் முடிச்சுக்கோங்க. விட்டுட்டு வங்கிக்குப் போனா நீங்க எவ்வளவு சேமிப்பு வெச்சிருந்தாலும் "மாச வருமானம் என்ன சார்"னு ஆரம்பிப்பாங்க.

அரைமனசு_47

கேட்டேன்.

பாத்திரம் தொடைச்சுட்டு இருந்தாங்க, நான் பக்கத்துல போய் நின்னு அன்னைக்கு சரின்னியே அதுக்கு என்ன அர்த்தம்னேன். துடைக்கறதை நிறுத்தாம, "நான் நாலு வருஷமா இதையேதான் யோசிச்சுட்டு இருக்கேன், பொண்ணு ஸ்கூல் முடிக்கட்டும்னு வாயைத் திறக்கல, நீங்க முந்திக்கிட்டீங்க"ன்னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அவங்களும் 22 வருஷமா ஓடறாங்க, அவங்க அலாரம் என்னோடதை விட அரை மணி முன்னாடி அடிக்குது, அது என் ஷீட்ல எந்த கட்டத்துலயும் இல்ல.

அப்ப அந்த இன்சூரன்ஸும் போச்சு, அவங்க ஆபீஸ்னு நான் கால் நீட்டி உக்காந்திருந்தது.

மூணு மாச லீவுக்கு மெயில் போட்டுட்டேன். காரணம்ங்கிற இடத்துல "சொந்த விஷயம்"னு மட்டும். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வியாழக்கிழமை.

கணக்குப்பிள்ளை

நல்லது சார். இப்ப அந்த ஷீட்டை அப்படியே மூடிட்டு புதுசா ஒண்ணு திறங்க, ரெண்டு பேர் பேரும் போட்டு. யார் முதல்ல விடறதுன்னு ரெண்டு விதமாவும் ஓட்டிப் பாருங்க, ஒருத்தர் விட்டு இன்னொருத்தர் ரெண்டு வருஷம் இருந்தாலே பொண்ணு படிப்பு ஆரம்பமும், நான் சொன்ன அந்த ஆபத்தான ஆரம்ப வருஷங்களும் சம்பளத்துலயே கடந்துடும். தனி இன்சூரன்ஸ் பாலிசி இப்பவே எடுத்துடுங்க, ஏற்கனவே இருக்கற வியாதிக்கு காத்திருப்பு காலம்னு ஒண்ணு வெப்பாங்க, அது ஆபீஸ் பாலிசி இருக்கும்போதே ஓடி முடியட்டும். பிரீமியத்தை செலவுல சேர்க்க மறக்காதீங்க, வயசு ஏற ஏற அதுவும் ஏறும்.

வீட்டுக்காரம்மா

யார் முதல்லன்னு ஷீட்டா முடிவு பண்ணும்? நாலு வருஷமா க்யூல நிக்கறது அண்ணிதான் அண்ணா.

அரைமனசு_47

அதையேதான் அவங்களும் சொன்னாங்க.