கிரப் மெனு வருகிறது, டெபியன் வரவில்லை: வட்டே இல்லை என்கிறது (தீர்ந்தது)

வைகைக்கரை:
வணக்கம் நண்பர்களே. 8ஆம் தலைமுறை இன்டெல் ஐ5 மடிக்கணினி, 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி வட்டு. டெபியன் 12 லினக்ஸ், கூடவே விண்டோஸ் 10. எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனு வழக்கம்போல வருகிறது. டெபியனைத் தேர்ந்தெடுத்தால் நான்கைந்து வரி ஓடி, கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கிறது. பிறகு வருவது இதுதான் (போனில் தமிழ் விசைப்பலகை, அதனால் உச்சரிப்பில் அடிக்கிறேன்):

"கேவ் அப் வெயிட்டிங் ஃபார் ரூட் ஃபைல் சிஸ்டம் டிவைஸ்"
"அலர்ட்! யுயுஐடி [நீளமான எண்] டஸ் நாட் எக்ஸிஸ்ட். டிராப்பிங் டு எ ஷெல்!"

அதாவது டெபியன் இருக்கும் பிரிவின் அடையாள எண் (யுயுஐடி) கிடைக்கவில்லையாம். அப்புறம் இனிட்ராம்எஃப்எஸ் என்ற ப்ராம்ப்ட்டில் (கட்டளை அடிக்கும் இடம்) போய் உட்கார்ந்துகொள்கிறது. எக்ஸிட் அடித்தாலும் அதே செய்திதான். ஆய்வேட்டின் இரண்டு இயல்கள் டெபியனின் ஹோம் அடைவில் இருக்கின்றன, பழைய காப்பு நகல்தான் கைவசம். எஸ்எஸ்டி போய்விட்டதா?

நுனிப்புல்:
கிரப் கெட்டிருக்கும் நண்பா. லைவ் யுஎஸ்பி (பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) போட்டு, கிரப்பைச் சரிசெய்யும் பூட்-ரிப்பேர் ஓட்டுங்கள், பத்து நிமிட வேலை. அதுவும் சரிவராவிட்டால் ஹோமை மட்டும் எடுத்து வைத்துவிட்டு மறுநிறுவல்.

முனையம்:
வைகைக்கரை, பூட்-ரிப்பேர் இப்போதைக்கு வேண்டாம். கிரப் தன் வேலையை முடித்துவிட்டது. மெனுவைக் காட்டியது, கெர்னலையும் (இயங்குதளத்தின் மையம்) இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (தொடக்கத்துக்கான தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) எஸ்எஸ்டியிலிருந்து படித்து நினைவகத்தில் ஏற்றியது, கெர்னலிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட்டது. அந்த ப்ராம்ப்ட் வரைக்கும் நீங்கள் வந்திருப்பதே எஸ்எஸ்டி உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சான்று. சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில்.

அதே ப்ராம்ப்ட்டில் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பிராக் அடைவில் உள்ள பார்ட்டிஷன்ஸ் கோப்பைக் கேட் கட்டளையால் திறந்து பாருங்கள், அப்புறம் பிரிவுகளின் யுயுஐடிகளைக் காட்டும் பிஎல்கேஐடி அடியுங்கள். எஸ்எஸ்டியின் பிரிவுகள் தெரிந்து, யுயுஐடி மட்டும் வேறாக இருந்தால் அது ஒரு கதை. வட்டை குளோன் செய்தவர்களுக்கும் பிரிவை ஃபார்மேட் செய்தவர்களுக்கும் அப்படி ஆகும். பிரிவுகளே தெரியவில்லை என்றால் அது வேறு கதை.

இன்னொன்று: கடைசியாக எதை மாற்றினீர்கள்? அப்டேட், ராம், பயாஸ் (கணினியின் அடிப்படை அமைப்பு நிரல்), எதுவானாலும் சொல்லுங்கள்.

பழைய_தறி:
கிரப்பில் ஈ அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ரூட்டிலே=30 (வட்டுக்காக 30 நொடி காத்திருக்கச் சொல்வது) சேர்த்துப் பார்க்கலாமே? எனக்கு அதில்தான் சரியானது.

முனையம்:
பழைய_தறி அண்ணா, உங்களுடையது வெளி யுஎஸ்பி வட்டாக இருந்திருக்கும். அது விழித்துக்கொள்ள நேரம் எடுக்கும், காத்திருந்தால் கிடைத்துவிடும். உள்ளே பொருத்திய என்விஎம்இ அப்படி மெதுவாக வராது. முயல்வதில் தப்பில்லை, அடுத்த பூட்டில் அந்த மாற்றம் தானாகவே போய்விடும்.

வைகைக்கரை:
பார்ட்டிஷன்ஸ் கோப்பில் தலைப்பு வரி மட்டும்தான், கீழே ஒன்றும் இல்லை. பிஎல்கேஐடி வாயே திறக்கவில்லை. ஆனால் பயாஸுக்குள் போனால் எஸ்எஸ்டியின் பெயர் அழகாகத் தெரிகிறது! விண்டோஸும் நீலத்திரை: "இன்னாக்ஸசிபிள் பூட் டிவைஸ்".

எதையும் மாற்றவில்லை. கடையில் காசு பேட்டரி (உள்ளே இருக்கும் நாணய வடிவ பேட்டரி) மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள், தேதி அடிக்கடி பின்னுக்குப் போனதால்.

முனையம்:
"எதையும் மாற்றவில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த வரியில் விடையையே கொடுத்துவிட்டீர்கள் :)

அந்த பேட்டரியைக் கழற்றினால் பல கணினிகளில் பயாஸ் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். உங்கள் மாடலில் சேமிப்பகக் கட்டுப்பாட்டின் இயல்புநிலை ரெய்டு (பல வட்டுகளைச் சேர்த்து ஆள்வதற்கான நிலை), அதாவது இன்டெல் ஆர்எஸ்டி, என்று நினைக்கிறேன். டெபியன் போட்டபோது யாரோ அதை ஏஹெச்சிஐ (வட்டுகளை நேரடியாகக் காட்டும் நிலை) ஆக்கியிருப்பார்கள். பேட்டரி மாற்றியதும் பழையபடி ரெய்டு.

கிரப்புக்குத் தெரியும் வட்டு கெர்னலுக்கு ஏன் தெரியவில்லை? கிரப் சொந்தமாக வட்டைத் தொடுவதில்லை. யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேரிடம் (நாம் பயாஸ் என்று சொல்வது) "இந்தப் பகுதியைப் படித்துக் கொடு" என்று கேட்கிறது. ஃபர்ம்வேருக்குள் ஆர்எஸ்டிக்கான ட்ரைவர் இருப்பதால் அது படித்துக் கொடுத்துவிடுகிறது. கெர்னல் வந்ததும் ஃபர்ம்வேரை நம்பியிராமல் தன் ட்ரைவர்களைக் கொண்டு வன்பொருளைத் தேடும். ரெய்டு நிலையில் சிப்செட் என்விஎம்இ வட்டை பிசிஐ (வன்பொருள் இணைப்பு) பட்டியலிலிருந்து மறைத்து, சாட்டா (வட்டு இணைப்பு) கன்ட்ரோலருக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறது. அந்த மறைப்புக்குள் போய் வட்டை எடுக்கும் ட்ரைவர் அதிகாரபூர்வ லினக்ஸ் கெர்னலில் இல்லை. அதனால் ஒரே வட்டு, கிரப்புக்கு உண்டு, கெர்னலுக்கு இல்லை.

விண்டோஸும் படுத்ததுதான் எனக்கு உறுதியைத் தந்தது. கிரப்போ யுயுஐடியோ மட்டும் கெட்டால் விண்டோஸ் நீலத்திரை காட்ட வேண்டிய அவசியமே இல்லை. அதுவும் ஏஹெச்சிஐ நிலைக்குப் பழகிவிட்டிருக்கிறது.

ஊகத்தில் விட வேண்டாம், கெர்னலே சொல்லும். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி அடித்து, அதில் "ரீமேப்" என்று கிரெப் செய்யுங்கள் (தேடுங்கள்). "ஃபவுண்ட் 1 ரீமேப்ட் என்விஎம்இ டிவைசஸ்" என்றும், "ஸ்விட்ச் யுவர் பயாஸ் ஃப்ரம் ரெய்டு டு ஏஹெச்சிஐ மோட் டு யூஸ் தெம்" என்றும் இரண்டு வரி வர வேண்டும்.

நுனிப்புல்:
அட, அப்படியென்றால் நான் சொன்ன பூட்-ரிப்பேர் என்ன செய்திருக்கும்?

முனையம்:
லைவ் யுஎஸ்பியின் கெர்னலுக்கும் இதே குருட்டுத்தனம்தான். கண்ணுக்குத் தெரியும் ஒரே வட்டு பென் டிரைவ் என்பதால் அதில் கிரப்பைப் போட்டுவிட்டு "முடிந்தது" என்று சொல்லியிருக்கலாம். மறுநிறுவலுக்குப் போயிருந்தாலும் நிறுவியில் எஸ்எஸ்டி தெரியாது. பலர் இந்த இடத்தில்தான் எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று புதிது வாங்குகிறார்கள்.

வைகைக்கரை:
அந்த இரண்டு வரியும் அட்சரம் பிசகாமல் அப்படியே இருக்கின்றன! பயாஸில் சாட்டா ஆபரேஷன் என்ற இடத்தில் ரெய்டு ஆன் என்று இருந்தது. ஏஹெச்சிஐ போட்டேன். "தரவு இழப்பு ஏற்படலாம்" என்று ஒரு எச்சரிக்கை வருகிறது. சேவ் கொடுக்கலாமா? கை நடுங்குகிறது.

முனையம்:
இரண்டு நிலைமைகளில் மட்டும் அந்த எச்சரிக்கைக்குப் பயப்பட வேண்டும். நிஜமாகவே இரண்டு மூன்று வட்டுகளைச் சேர்த்து ரெய்டு தொகுதி உருவாக்கியிருந்தால். அல்லது ஹார்டு டிஸ்க்குக்கு ஆப்டேன் (இன்டெலின் வேகமான நினைவகம்) கேஷாக, அதாவது வேகம் கூட்டும் இடைச் சேமிப்பாக, பூட்டியிருந்தால். இரண்டாவதில், விண்டோஸுக்குள் போய் ஆப்டேனை முதலில் முடக்கிவிட்டுத்தான் பயாஸைத் தொட வேண்டும். உங்களிடம் ஒற்றை எஸ்எஸ்டி, இதற்கு முன்னும் ஏஹெச்சிஐயில் ஓடியதுதான். கொடுங்கள்.

வைகைக்கரை:
வந்துவிட்டது!! டெபியன், விண்டோஸ் இரண்டும். இயல்கள் பத்திரம். முதல் வேலையாக வெளி வட்டுக்கு நகல் ஓடிக்கொண்டிருக்கிறது. ரொம்ப நன்றி அண்ணா.

ஆற்றுமணல்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு இதன் தலைகீழ் நிலைமை. விண்டோஸ் ரெய்டில் நன்றாக ஓடுகிறது, டெபியன் நிறுவியில் எஸ்எஸ்டி தெரியவில்லை. ஏஹெச்சிஐ மாற்றினால் விண்டோஸ் நீலத்திரை, திரும்ப ரெய்டு போட்டால் சரியாகிவிடுகிறது.

முனையம்:
ஆற்றுமணல், ரெய்டிலேயே வைத்து விண்டோஸுக்குள் போங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டு மறையாக்கம்) இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், பயாஸில் கைவைத்தால் அது கேட்க வாய்ப்பு அதிகம். பிறகு அட்மின் கட்டளைச் சாளரத்தில் பிசிடிஎடிட் (விண்டோஸின் தொடக்க அமைப்புகளை மாற்றும் கட்டளை) மூலம் சேஃப்பூட் மதிப்பை மினிமல் என்று வைத்து மறுதொடக்கம். நேராக பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐ ஆக்குங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் ஏறும்போது சரியான ட்ரைவரைத் தானே பிடித்துக்கொள்ளும். உள்ளே போனதும் அதே பிசிடிஎடிட்டில் டெலீட்வேல்யூ கொடுத்து சேஃப்பூட்டை நீக்கிவிட்டு மறுபடி மறுதொடக்கம். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம், கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கட்டும்.

உங்களுடையது 11ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது என்றால் பயாஸில் விஎம்டி (இந்த ரெய்டு மறைப்பின் இடத்தில் வந்த புதிய இன்டெல் அமைப்பு) என்று தேடுங்கள். அதற்கு லினக்ஸில் ட்ரைவர் உண்டு, டெபியன் 12 நிறுவி பெரும்பாலும் வட்டைக் காட்டிவிடும். சில மாடல்களில் அந்த அமைப்பையே ஒளித்து வைத்திருப்பார்கள், பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல்+எஸ் அழுத்தினால் வெளியே வரும்.

வைகைக்கரை:
ஒரு சின்ன வால். டெபியனில் வெளி மானிட்டர் வேலை செய்யவில்லை. என்விடியா ட்ரைவர் ஏறவில்லை, அதை ஏற்றும் மாட்ப்ரோப் கட்டளை அடித்தால் "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்கிறது. இதுவும் பேட்டரி வேலையா?

முனையம்:
அதே வேலைதான். செக்யூர் பூட்டும் (ஒப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்றவிடும் பாதுகாப்பு) இயல்புநிலைக்குத் திரும்பி ஆன் ஆகியிருக்கும். மோக்யுடில் கட்டளையில் எஸ்பி-ஸ்டேட் கேட்டால் எனேபிள்ட் என்று சொல்லும். டெபியனின் சொந்தக் கெர்னல் ஒப்பமிட்டது என்பதால் தடையில்லாமல் ஏறியது. என்விடியா மாட்யூல் உங்கள் கணினியிலேயே டிகேஎம்எஸ் (கெர்னலுக்கேற்ப ட்ரைவரைத் தொகுக்கும் கருவி) கட்டியது, அதன் சாவியை ஃபர்ம்வேர் அறியாது.

பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்தால் ஒரே நிமிடத்தில் முடியும். ஆன் ஆகவே இருக்கட்டும் என்றால், வார் அடைவுக்குள் லிப், அதற்குள் டிகேஎம்எஸ் என்ற அடைவில் மோக் டாட் பப் என்ற சாவி இருக்கும் (மோக் என்பது கணினி உரிமையாளரின் சொந்தச் சாவி). அதை மோக்யுடிலில் இம்போர்ட் செய்து ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கொடுங்கள். மறுதொடக்கத்தில் நீல நிறத்தில் ஒரு திரை வரும், பயந்துவிடாதீர்கள், இது விண்டோஸுடையது அல்ல. என்ரோல் மோக் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லை அடியுங்கள். அந்தத் திரை சில நொடிகள்தான் நிற்கும், ஏதாவது ஒரு விசையை உடனே தட்டாவிட்டால் கடந்து போய்விடும்.

வைகைக்கரை:
என்ரோல் செய்துவிட்டேன், மானிட்டர் வந்துவிட்டது. தலைப்பில் தீர்ந்தது என்று போட்டாயிற்று. பயாஸ் பக்கங்களை எல்லாம் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.