[கலைச்சொல்] பாரசீகச் 'சத்ரப்' – தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

திருச்சியிலிருந்து, திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கான உலக வரலாற்றுத் துணைநூல் ஒன்றில் பழைய பாரசீகத்தின் அக்கமேனியப் பேரரசு என் பங்குக்கு வந்திருக்கிறது. சைரஸ் கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்ததிலிருந்து கடைசி டேரியஸ் கி.மு. 330இல் கொலையுண்டது வரை முப்பது பக்கம். அதில், மன்னனுக்காக ஒரு மாகாணத்தை ஆண்ட அதிகாரியைக் குறிக்கும் 'சத்ரப்' மட்டும் 41 இடங்களில் வருகிறது. முதல் வரைவில் 'ஆளுநர்' என்று போட்டேன். படித்துப் பார்த்த பதினொன்றாம் வகுப்புப் பையன் கேட்டான்: "ராஜ்பவன்ல இருப்பாரே, அவரா சார்?" அதோடு அந்தச் சொல் செத்தது. ஆளுக்கும் அவர் ஆளும் பகுதிக்கும் ஒரு சோடிச் சொல் வேண்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து, திங்கள் இரவு

தம்பி, இதற்கு ஏன் இத்தனை அலைச்சல்? வேதாகமத்தில் தானியேல் ஆகமத்தைத் திறந்து பாருங்கள். ராஜ்யத்தின்மேல் நூற்றிருபது 'தேசாதிபதிகள்'. எங்கள் பாட்டி வரைக்கும் புரிந்த சொல்.

யாழ்ப்பாணத்திலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, உங்கட பாட்டிக்குப் புரிந்தது எங்கட பாட்டிக்கு வேறு விதமாகப் புரியும். இங்கே தேசாதிபதி என்றால் வெள்ளைக்காரக் கவர்னர். சுதந்திரத்துக்குப் பிறகு மகாதேசாதிபதியும் இருந்தார். பாரசீகரைப் படிக்கிற பிள்ளை தொப்பியில் இறகு செருகின ஆளை நினைத்துக்கொள்ளும்.

மதுரையிலிருந்து, செவ்வாய் காலை

மூலத்தைப் பார்க்காமல் முடிவு செய்வது நம் குழுவின் பழைய நோய். பழம்பாரசீகத்தில் 'க்ஷசபாவன்'. முற்பகுதி ஆட்சி, பிற்பகுதி காப்பவன். ஆட்சியைக் காப்பவன். தமிழில் 'புர' என்றாலே காத்தல். குறளில் 'புரந்தார்' என்று ஆண்டவனைச் சொல்வது எல்லோருக்கும் தெரியும். ஆகவே புரவலர். இன்னொன்றும் கவனியுங்கள்: 'புரவு' என்பதற்கு நிலவரி என்றும் பொருள் உண்டு. சோழர் கல்வெட்டில் நிலவரித் துறைக்குப் 'புரவுவரித் திணைக்களம்' என்று வருகிறதல்லவா? காத்தலும் வரி தண்டலும் ஒரே வேரில்! சத்ரப் செய்தது இந்த இரண்டு வேலையும்தானே? பகுதிக்குப் 'புரவகம்'.

யாழ்ப்பாணத்திலிருந்து

> புரவுவரித் திணைக்களம்

திணைக்களம் எங்களிடம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் போன மாதம் அரை நாள் நின்றேன். ஆனால் ஐயா, புரவலர் என்றால் இன்றைக்கு நூல் வெளியீட்டில் முதற்பிரதி வாங்குகிறவர். பொன்னாடை போர்த்திய பாரசீகரை எப்படிக் கற்பனை செய்ய?

மதுரையிலிருந்து

இன்றைய வழக்குச் சறுக்கியதற்குச் சொல் பொறுப்பாகாது. மேலும் புரவி என்ற சொல்லையும் யோசியுங்கள். பாரசீகரின் தலைநகர் சூசாவிலிருந்து மேற்கே சார்டிஸ் நகர் வரை அரசப் பெருவழி. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் 111 தங்குமிடங்களை எண்ணுகிறார். அஞ்சற்குதிரை. புரவி, புரவு, புரவலர்…

கோவையிலிருந்து

ஐயா, குதிரையை விட்டு இறங்குங்கள். போன வருடம் இதே வேகத்தில் 'கணினி'யைக் 'கணியன் பூங்குன்றன்' வரை ஓட்டினீர்கள்.

சத்ரப் பாரசீகத்தில் மட்டும் கிடந்த சொல்லா? மேற்கிந்தியாவை ஆண்ட சாகர்கள் வழியாக நம் பாடநூலுக்குள்ளேயே வந்துவிட்டதே. குஜராத்தின் ஜுனாகத் பாறையில் கி.பி. 150 வாக்கில் ருத்ரதாமன் தன்னை மகாக்ஷத்ரபன் என்று பொறித்துக்கொண்டான். அதே கல்வெட்டு, அங்குள்ள சுதர்சன ஏரிக்கு அசோகன் காலத்தில் கால்வாய் அமைத்த அதிகாரி துஷாஸ்பன் என்கிறது. பட்டம் 'யவனராஜா', பேர் பச்சைப் பாரசீகம். பேரரசு போய் நானூற்றெண்பது ஆண்டு கழித்து, வேறொரு நாட்டில், வேறொரு இனத்தான் அதே பதவிப்பெயரை வைத்துக்கொண்டு ராஜாவாக இருக்கிறான். இதை மொழிபெயர்த்து அழித்துவிட்டால் பிள்ளைக்கு அந்தத் தொடர்ச்சி தெரியாமலே போகும். சத்ரபர் என்றே இருக்கட்டும்.

தஞ்சையிலிருந்து

கடன் வாங்குவதென்றால் இலக்கணப்படி வாங்குங்கள். நன்னூல் பதவியலில் வடமொழியாக்கம் இருக்கிறது. க்ஷகரம் இடையில் இரு ககரமாகும், முதலில் ககரமாகும். பக்ஷம் பக்கம், க்ஷீரம் கீரம். அதன்படி கத்திரபர்.

கோவையிலிருந்து

வகுப்பு முழுக்கக் கத்திரிக்காய் என்று சிரிக்கும், பரவாயில்லையா?

தஞ்சையிலிருந்து

சிரித்துவிட்டு நினைவில் வைத்துக்கொள்ளும்.

திருச்சியிலிருந்து, புதன் மதியம்

எல்லோருக்கும் நன்றி, ஆனால் இன்னும் மூன்று நாள்கூட இல்லை. 'சிற்றரசர்' என்று போட்டால் என்ன?

சென்னையிலிருந்து, புதன் மாலை

இருபது வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். சிற்றரசர் வேண்டவே வேண்டாம். அதியமானும் பாரியும் தத்தம் மண்ணுக்குப் பிறந்த வேளிர். சத்ரப், மாமன்னன் ஒரு தோலில் எழுதி முத்திரையிட்டால் வருகிறவன், இன்னொரு தோல் வந்தால் போகிறவன். ஹெரோடோட்டஸ் சொல்லும் ஒரோய்டஸ் கதையை வகுப்பில் சொல்லிப் பாருங்கள், கடைசி பெஞ்சுகூட நிமிரும்.

ஒரோய்டஸ் சார்டிஸில் சத்ரப். சாமோஸ் தீவின் ஆட்சியாளன் போலிகிராத்தஸை வரவழைத்துக் கொன்றவன். முதலாம் டேரியஸ் பட்டத்துக்கு வந்த குழப்பத்தில் இவன் தனி ராஜாங்கம் நடத்தினான். மன்னனின் தூதனையே வழியில் ஆள் வைத்துத் தீர்த்துக்கட்டினான். ஆயிரம் பாரசீகர் மெய்க்காவல். படை அனுப்பிப் பிடிக்க முடியாது. டேரியஸ் என்ன செய்தான்? பாகையோஸ் என்பவனிடம் முத்திரையிட்ட கடிதங்கள் சிலவற்றைக் கொடுத்தனுப்பினான். ஒவ்வொரு சத்ரப்பிடமும் மன்னன் நியமித்த எழுத்தர் ஒருவர் உண்டு. பாகையோஸ் கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அந்த எழுத்தரிடம் நீட்டி வாசிக்கச் சொன்னான், மெய்க்காவலர் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அவர்கள் ஓலைக்கு மரியாதை காட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் அடுத்த கடிதம்: ஒரோய்டஸுக்குக் காவல் நிற்க மன்னர் தடை விதிக்கிறார். வேல்கள் தாழ்ந்தன. கடைசிக் கடிதம்: கொல்லுங்கள். அங்கேயே, அவனுடைய காவலர் கையாலேயே முடிந்தது.

அந்த எழுத்தர் இருக்கிறாரே, அவர்தான் பேரரசு. படைத்தலைவர்களும் பல இடங்களில் நேரே மன்னனுக்குக் கட்டுப்பட்டவர்கள். இதையெல்லாம் தாங்குகிற சொல் 'அரசர்' என்று முடியக் கூடாது.

யாழ்ப்பாணத்திலிருந்து

அருமை, அக்கா. ஆனால் காரியாவில் மவுசோலஸ்? தகப்பனுக்குப் பிறகு மகன் சத்ரப், ஹாலிகர்னாசஸில் உலக அதிசயக் கல்லறை. அவன் அரசன் இல்லையென்றால் யார் அரசன்?

சென்னையிலிருந்து

அதுதான் சிக்கலே. தொடக்கத்தில் ஊழியன், போகப்போகக் குறுநிலமன்னன். கி.மு. 360களில் மேற்குச் சத்ரப்புகள் கூட்டாகவே கலகம் செய்தார்கள். கடைசியில் மூன்றாம் டேரியஸைக் கொன்றது அலெக்சாந்தர் இல்லை, பாக்திரியாவின் சத்ரப் பெஸ்ஸஸ். கொன்ற கையோடு தானே மன்னன் என்று பட்டம் சூட்டிக்கொண்டான். ஒரே சொல் இரண்டு நிலையையும் சுமக்க வேண்டும். அதனால் பொருள் தெரியாத சொல்லே நல்லது என்பது என் கட்சி. பொருளைப் பாடம் நிரப்பிக்கொள்ளும். சத்ரபர்.

மதுரையிலிருந்து

பொருள் தெரியாத சொல்லே நல்லது! இதைக் கேட்கவா நாம் கலைச்சொல் குழு நடத்துகிறோம்? பிறகு 'திறை' எதற்கு, அதையும் பாரசீகத்திலேயே வையுங்கள்.

திருச்சியிலிருந்து

அதையும் கேட்க இருந்தேன். 'கப்பம்' என்று போட்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து

ஐயோ, மாற்றுங்கள்! இங்கே கப்பம் என்றால் ஆளைக் கடத்திப் பணம் கேட்பது. பத்திரிகையில் குற்றச்செய்திப் பக்கத்தில் வருகிற சொல்.

கோவையிலிருந்து

கொடுத்தவர்களைக் கேட்டால் பொருத்தம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

தஞ்சையிலிருந்து

திறை நன்று. பகுதிக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பெஹிஸ்துன் பாறையில் டேரியஸ் தன் நாடுகளாக 23 பெயர்களை அடுக்குகிறான். ஹெரோடோட்டஸ் சத்ரப் பிரிவுகள் 20 என்கிறார். கணக்கு ஒட்டாததற்கு ஒரு காரணம் பாரசீகச் சொல் 'தஹ்யு'. அது நிலத்தையும் குறிக்கும், அதில் வாழும் மக்களையும் குறிக்கும். வரிப்பிரிவு வேறு, மக்கட்பட்டியல் வேறு. நமக்கு இது புதிதா? 'நாடு சிரித்தது' என்றால் இடவாகுபெயர். டேரியஸ் எண்ணியதற்கு 'நாடு', வரிப்பிரிவுக்கு 'மண்டலம்'. இரண்டையும் கலக்காதீர்கள்.

திருச்சியிலிருந்து, வெள்ளி அதிகாலை

கோவை, சென்னை, அரை மனதோடு யாழ்ப்பாணம்: சத்ரபர். முதல் இடத்தில் மட்டும் 'மண்டலக் காவலராகிய சத்ரபர்'. பகுதி 'சத்ரப மண்டலம்'. திறை. தஞ்சை ஐயா கத்திரபரை மன்னித்தருள வேண்டும். கோப்பு போய்விட்டது.

மதுரையிலிருந்து, வெள்ளி காலை

பதிவுக்காக: என் உடன்பாடு இல்லை. 'மண்டலக் காவலர்' என்று விளக்கிவிட்டு, காவலரைக் கைவிடுவது எந்த ஊர் நியாயம்? புரவலர் என்றே என் பேரனுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.

திருச்சியிலிருந்து, வெள்ளி மாலை

மெய்ப்பு வந்தது. ஒன்று விட்டுப்போயிற்று. ஹெரோடோட்டஸ் கணக்கில் மொத்தத் திறை 14,560 'டேலண்ட்'. சிந்துப் பக்கத்து இந்தியர் மட்டும் 360 டேலண்ட் பொன்துகள். அந்த எடைக்கு என்ன சொல்? இன்றிரவுக்குள்.

பாளையங்கோட்டையிலிருந்து

தாலந்து. வேதாகமத்தில் இருக்கிறது. இதிலாவது விவாதம் வேண்டாம்.

மதுரையிலிருந்து

விவாதம் உண்டு. கழஞ்சு இருக்கத் தாலந்து எதற்கு?

கோவையிலிருந்து

ஐயா, ஒரு தாலந்து சுமார் 26 கிலோ. கழஞ்சு ஐந்து கிராம் சொச்சம்.

மதுரையிலிருந்து

பெருங்கழஞ்சு.