டைப் ஸ்பெசிமன்: வகைமாதிரியா, பெயராணியா?

அனைவருக்கும் வணக்கம். ஓர் உயிரினத்துக்குப் பெயர் வைக்கும்போது அந்தப் பெயருக்கு ஆதாரமாகக் குறித்துவைக்கும் மாதிரி உடல்தான் டைப் ஸ்பெசிமன், சுருக்கமாக டைப். தமிழில் அதற்கு ‘வகைமாதிரி’ வேண்டாம், வேறு சொல் வேண்டும் என்கிறேன். அதற்கு வந்த கேள்வி:

> ‘வகைமாதிரி’ ஏற்கெனவே புழங்குகிறதே, ஏன் மாற்ற வேண்டும்?

புழங்குகிறது, சரி. ஆனால் அதைக் கேட்டதும் அந்த இனத்தின் எல்லா லட்சணமும் பொருந்திய ஒன்று என்றுதான் மனதில் படுகிறது. அருங்காட்சியகத்தில் டைப் என்று சீட்டுக் கட்டிக் கிடப்பது குட்டியாக இருக்கலாம், மண்டையோடு நொறுங்கியதாகவும் இருக்கலாம். அதற்கு வேலை ஒன்றுதான்: பெயரைத் தாங்குவது.

சலீம் அலி பழந்தின்னி வௌவாலைப் பாருங்கள். 1948இல் மேகமலைப் பகுதியில் இயற்கை ஆர்வலர் ஆங்கஸ் ஹட்டன் பிடித்தார். குட்டைமூக்குப் பழந்தின்னி என்ற பெயரோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் இருந்தது. 1972இல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து, இது புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினமே என்று எழுதினார். லாட்டிடென்ஸ் சலிமாலீ என்ற பெயர் அப்போது வந்ததுதான். அதே தோல், அதே பல். முந்தைய நாள் வரை சாதாரண மாதிரி, மறுநாள் டைப். ஆக, டைப் என்பது உடம்பின் குணம் அல்ல, அதற்குக் கொடுத்த பொறுப்பு.

அதனால் ‘பெயர்மாதிரி’ என்று வைக்கலாம் என நினைத்தேன். வீட்டில் படித்துக் காட்டினால், “பெயர் மாதிரின்னா, பெயர் இல்லையா?” என்று கேட்டார்கள். விட்டுவிட்டேன்.

இப்போது என் பரிந்துரை ‘பெயராணி’. பொன்னின் மாற்றறிய உரைகல்லில் ஒப்பிட்டு உரசும் உரையாணி நம்மிடம் பழைய சொல். சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்ப்பது டைப்பின் வேலையும்தான். ஆணி என்றால் சுவரில் அடிப்பதுதானே என்பவர்களுக்கும் பாதகமில்லை, பெயரை மாட்டிவைத்த ஆணி என்று கொள்ளட்டும். ஹோலோடைப் (பெயரிட்டவர் குறித்த ஒற்றை மாதிரி) தனியாணி, சின்டைப் (சேர்ந்து பெயரைத் தாங்கும் பல மாதிரிகளில் ஒன்று) கூட்டாணி, லெக்டோடைப் (அவற்றிலிருந்து பிறகு தேர்ந்தெடுத்த ஒன்று) தேர்வாணி, நியோடைப் (தொலைந்த டைப்புக்குப் பதிலாக வைப்பது) பதிலாணி. பாராடைப் (ஹோலோடைப்போடு சேர்த்துக் குறித்த மற்ற மாதிரி) பெயரைத் தாங்குவதில்லை, அதற்கு ஆணி கூடாது, ‘துணைமாதிரி’ போதும்.

—

> சின்டைப் கூட்டாணி

ஐயா, இதை எல்லோரும் கூட்டணி என்றுதான் படிப்பார்கள். தேர்தல் நேரத்தில் வேண்டாமே! அப்புறம், ஆணிப்பொன், ஆணிமுத்து என்றால் உயர்ந்தது என்று பொருள். நீங்கள் தவிர்க்க நினைத்த குழப்பம் திரும்ப வந்துவிடாதா? இன்னொன்று, டைப் லோகாலிட்டிக்கு, அதாவது டைப் கிடைத்த இடத்துக்கு, ‘பிறப்பிடம்’ சரிதானே?

—

கூட்டணியைக் கலைத்துவிடுகிறேன். ‘இணையாணி’ இருக்கட்டும், சின்டைப்கள் எல்லாமே சம தகுதி உள்ளவை, பொருளும் பொருந்துகிறது. ஆணிப்பொன் வாதம் நியாயமானது. முன்னால் ‘பெயர்’ நிற்பதால் குழப்பம் குறையும் என்றே நினைக்கிறேன்.

பிறப்பிடம் வேண்டாம். பறக்கிற பிராணி எங்கே பிறந்ததோ, நமக்குத் தெரிவது பிடிபட்ட இடம்தான். பழைய சீட்டுகளில் அதுகூட நிச்சயமில்லை. கப்பல் ஏற்றிய துறைமுகத்தின் பெயரே ஊர்ப்பெயராக நின்றிருக்கலாம். குட்டைமூக்குப் பழந்தின்னிக்கு 1797இல் மார்ட்டின் வால் (Vahl) என்ற இயற்கையியலாளர் பெயரிட்டார், அதன் டைப் லோகாலிட்டி தரங்கம்பாடி. அன்று டேனிஷ்காரர்கள் கையிலிருந்த துறைமுகம். இப்படி ஓர் ஊரைக் கண்டால் சேகரித்தவரின் குறிப்பேடு, கடிதம், பதிவேடு என்று தேடிப் பார்ப்பதே முறை.

தவிர, பல ஊர்களிலிருந்து வந்த இணையாணிகளில் ஒன்றைத் தேர்வாணியாக்கினால், அது பிடிபட்ட ஊரே டைப் லோகாலிட்டி ஆகிவிடும், முன்பு அச்சிட்டது எதுவானாலும். பிறப்பிடம் அப்படி மாறாது. ‘ஆணித்தலம்’ என்றால் ஆணி நகர்ந்த இடத்துக்குத் தலமும் நகரும்.